சும்மா கிடைச்சதுன்னு யார் சொன்னது?

மூணு ராத்திரி கண் முழிச்சுக் கட்டின கப்பலை நஷ்டத்துக்கு வித்துட்டு, என் பையன் சிரிச்சுக்கிட்டே சாப்பிட வந்து உக்கார்றான். எனக்குச் சோறு இறங்கல.

கம்ப்யூட்டர் கப்பல்தாங்க. 'ஈவ் ஆன்லைன்'னு ஒரு விண்வெளி விளையாட்டு. ஐஸ்லாந்துல சிசிபின்னு ஒரு கம்பெனி 2003ல ஆரம்பிச்சது. விண்கல்லை லேசர் வெச்சு வெட்டணும், டிரைட்டானியம் மாதிரி கனிமமாப் பிரிக்கணும், அதுல கப்பல் கட்டிச் சந்தையில விக்கணும். பெரும்பாலும் விலையை முடிவு பண்றது விளையாடறவங்கதான். ஜிட்டான்னு ஒரு இடம், அவங்களுக்கு அதுதான் கோயம்பேடு.

பையன் வித்த கப்பல் விலையைக் கேட்டேன். உள்ளே போன கனிமத்தோட சந்தை விலையைக் கேட்டேன். கனிமம்தான் அதிகம்! "ஏண்டா, கனிமத்தை அப்படியே வித்திருந்தாலே கூட வந்திருக்குமே?"ன்னேன்.

"அம்மா, அது நானே வெட்டினது. சும்மா கிடைச்சது. வந்ததெல்லாம் லாபம்தான்."

சும்மாவா? மூணு ராத்திரித் தூக்கம் சும்மாவா? அதே விளையாட்டுல பிளெக்ஸ்னு ஒண்ணு இருக்காம். ஒருத்தர் நிஜப் பணம் கொடுத்து வாங்கிச் சந்தையில வைப்பார். இன்னொருத்தர் கல்லு வெட்டிச் சேர்த்த காசைக் கொடுத்து அதை எடுத்து, மாசச் சந்தாவைக் கட்டிக்குவார். அப்போ இவன் முழிச்சிருந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ரூபாயிலயே ஒரு விலை இருக்கு இல்லையா? அதைத் தூக்கிக் கொடுத்துட்டு லாபம்ங்கறான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? பதினாலு வருஷமா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில காஸ்டிங் பார்க்கறேன். இந்த 'சும்மா'ங்கற வார்த்தை எத்தனை பேரைக் கவுத்திருக்குன்னு கண்ணால பார்த்தவ.

எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யறவர் ஒருத்தர். வீட்டு முன்னாடி ஷெட், ஒரே லேத். கொட்டேஷன்ல கரண்ட் இருக்கும், டூல் தேய்மானம் இருக்கும். கூலி இருக்காது. "நானே ஓட்டறேன் மேடம், அதுக்கு எதுக்குக் கூலி?"ம்பார். எங்க கம்பெனியில அந்த ரேட்டை இன்னொரு லேத்காரர்கிட்ட காட்டிப் பேரம் பேசுவாங்க. அந்த இன்னொருத்தர்கிட்ட ரெண்டு பசங்க வேலை செஞ்சாங்க, சம்பளம் கொடுக்கணும். எப்படிக் கட்டும்? ஒரு பையனை நிறுத்திட்டார். தன் உழைப்பைச் சும்மான்னு நினைச்சவர், அடுத்தவன் உழைப்புக்கும் விலை இல்லாமப் பண்ணிட்டார். பையன் விளையாட்டுலயும் இதே கதைதான். விலை தெரியாம விக்கறவன், பக்கத்துல விக்கறவனையும் சேர்த்து இழுத்துடறான்.

சரி, உழைப்பாவது நம்மளோடது. தண்ணி?

நாங்க இருக்கிறது கள்ளிக்குப்பம். பக்கத்துலயே புழல் ஏரி. பக்கத்துத் தெருவுல ஒரு காலி மனை, அதுல ஒரு போர். விடியக்காலை நாலு மணிக்கே டேங்கர் லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம் கேக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு. கேட்டா, "என் இடம், என் போர், என் தண்ணி." லாரித் தண்ணி விலையில என்னென்ன இருக்கு? டீசல் இருக்கு, டிரைவர் படி இருக்கு, மோட்டார் கரண்ட் இருக்கு. எல்லாத்துக்கும் ரேட் போட்டாச்சு. பூமிக்குள்ள இருந்து வந்த தண்ணிக்கு மட்டும் சைபர்!

அந்த சைபரை யார் கட்டறா தெரியுமா? போன சித்திரையில எங்க மோட்டார் தண்ணியை விட்டுட்டுக் காத்தை இழுத்தது. குழாயில கர்கர்னு ஒரு சத்தம், பக்கெட்ல செம்மண் கலரா ரெண்டு சொம்பு, அவ்வளவுதான். பிளம்பர் வந்து ரெண்டு லெங்த் பைப் கூடுதலா இறக்கினார். லாரிக்காரர் கணக்குல போடாத விலையை நான் பிளம்பர் கையில எண்ணிக் கொடுத்தேன். இன்னும் ரெண்டு வீடு தள்ளி இருக்கறவங்களால அதுவும் முடியல. அவங்க தினமும் கேன் வாங்கறாங்க.

2019 எல்லாருக்கும் மறந்து போச்சா? இதே புழல் ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியை ஏத்திக்கிட்டு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. இங்கேருந்து எவ்வளவு தூரம் வில்லிவாக்கம்? அன்னைக்கு என் பையன் சின்னப் பையன். குடத்தைத் தூக்கிக்கிட்டு என்கூட லாரி வரிசையில நின்னவன்.

சட்டம் இல்லையான்னா, இருக்கு. தன் மனைக்கு அடியில இருக்கிற தண்ணியை எடுத்துக்கற உரிமையை மனைக்காரருக்குக் கொடுக்கறது 1882ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அப்புறம் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987லயே தனிச் சட்டம் வந்தாச்சு. ஆனா எங்க தெரு ஜனங்க நாக்குல இன்னைக்கும் இருக்கிறது 1882தான்.

இப்போ பையன் சொன்னதைக் கேளுங்க. இந்திய நேரப்படி தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்துவாங்களாம். திரும்ப வந்தா, வெட்டின இடத்துல புதுசாக் கல்லு இருக்குமாம். வெட்ட வெட்டத் திரும்பி வர்ற அந்தக் கல்லுக்கே கணக்கு பார்க்கறாங்க. 2007லயே எயோல்ஃபுர் குட்முண்ட்சன்னு ஒரு பொருளாதார நிபுணரைக் கம்பெனி வேலைக்கு வெச்சது. எந்தப் பகுதியில எவ்வளவு வெட்டினாங்கன்னு மாசாமாசம் அறிக்கை வருது. கனிமம் அளவுக்கு மீறிப் புழங்குதுன்னு தெரிஞ்சு, 2020ல வெட்டற அளவையே குறைச்சாங்க. விளையாடறவங்க கத்தினாங்க, கப்பல் விலை ஏறினது. இருந்தாலும் செஞ்சாங்க.

எங்க தெருவுக்கு அப்படி ஒரு நாலரை மணி கிடையாதே! உறிஞ்சினது உறிஞ்சினதுதான். மழை பெய்யணும், மண்ணுல இறங்கணும், அதுக்கு சிமென்ட் போடாத தரை வேணும். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போச்சுன்னு எழுதி வைக்க அந்தப் போர்ல ஒரு மீட்டர் இருக்கா? எங்க வீட்டுப் போர்லதான் இருந்ததா?

இல்ல. அதான் பைப் இறக்கின அன்னைக்கே பிளம்பர்கிட்ட, "அப்படியே ஒரு மீட்டரும் மாட்டிடுங்க"ன்னேன். அவர் பில்லை என் கையில கொடுத்துட்டு ஆச்சரியமாப் பார்த்தார்.

"என்னம்மா, சும்மா வர்ற தண்ணிக்கு எதுக்கு மீட்டர்?"

கையில அந்த பில். பைப்பு, கயிறு, கேபிள், கூலின்னு வரிசையா எழுதி, கீழே கூட்டி வெச்சிருந்தார். அதைத் திருப்பி அவர்கிட்டயே நீட்டினேன். "இதுதாங்க அந்தச் சும்மாவோட விலை"ன்னேன்.

மீட்டர் மாட்டியாச்சு. ஞாயித்துக்கிழமைதோறும் ரீடிங் எடுத்து நோட்டுல எழுதறது என் பையன் வேலை.