இல்லத்துக்குள் இருந்தால்தான் தருமமா?

"இலாப நோக்கற்ற கம்பனியாகப் பதிந்துவிட்டோம். இனி வரிவிலக்கு உண்டுதானே?"

ஊருக்கு ஏதாவது செய்ய முனையும் புலம்பெயர்ந்த அன்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. இல்லை என்பதே பதில். ஏன் இல்லை என்று விளக்கப் புகுந்தால்தான் இலங்கை அரசு தருமத்தை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது தெரியவரும்.

2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றை அமைக்கலாம். அதில் பங்கும் இல்லை, பங்கிலாபமும் இல்லை. கம்பனி கலைக்கப்பட்டால், தாம் ஒப்புக்கொண்ட தொகையை உறுப்பினர்கள் செலுத்துவார்கள், அவ்வளவே. பொதுநல நோக்கத்தைக் காட்டினால், பெயரின் ஈற்றில் 'வரையறுக்கப்பட்டது' என்ற சொல்லை விட்டுவிடவும் உரிமம் பெறலாம். கம்பனிச் சட்டத்தின் தயவு இத்துடன் முடிந்துவிடுகிறது. இறைவரித் திணைக்களத்தின் கதவு வேறு. அதன் திறப்பும் வேறு.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தைப் புரட்டுங்கள். தனியார் தரும நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர் அதைத் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ள வேண்டுமாயின், அந்நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அத்துடன், நோயாளரையோ வறியவரையோ நிறுவனத்தில் வைத்துப் பராமரிப்பதற்கென அமைந்ததாகவும் இருக்க வேண்டும். அதாவது, அநாதைப் பிள்ளையை இல்லத்தில் சேர்த்துச் சோறிட்டால் தருமம். அதே பிள்ளை மாலையில் சென்று வாசிக்க ஊரார் சேர்ந்து ஒரு வாசிகசாலை நடத்தினால், இறைவரிக் கணக்கில் அது தருமம் அன்று. தாயோடு குடிசையில் வாழும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கொடுத்தாலும் அன்று. குடும்பத்தைப் பிரித்து இல்லத்தில் சேர்த்தால்தான் கொடையாளருக்குச் சலுகை என்ற இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள், போர் தின்ற ஒரு கிராமத்தைக் கண்ணால் கண்டிருப்பார்களா?

அந்தச் சலுகைதான் எவ்வளவு? தனிநபருக்கு, வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபாய். இவற்றில் எது குறைவோ அது. சட்டம் நிறைவேறியபோது அது ஏறத்தாழ 500 டொலர். 2022 இல் ரூபாய் வீழ்ந்ததோடு அதன் பெறுமதியும் பாதியாயிற்று.

கல்வியைத் தருமமாகக் கருதும் வழக்கம் நமது சட்டத்துக்குப் புதிதன்று. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமே வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி, சமயம், மனிதகுலத்துக்குப் பயனுள்ள பிற காரியம் ஆகியவற்றைத் தரும நோக்கங்களாக ஏற்றிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கு இருந்த விசாலம், 2017 இல் கொடையாளருக்குச் சலுகை வகுத்தவர்களுக்கு இல்லாமற் போயிற்று. 1933 இல் செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகமே பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. இன்று ஒருவர் அவ்விதம் தொடங்கினால், அவருக்குக் கொடுப்பவருக்கு ஒரு சதமும் கழிவு இல்லை.

அரச சார்பற்ற நிறுவனம் என்ற வரையறைக்குள் வந்துவிட்டாலோ கதை இன்னும் மோசம். கிடைத்த நன்கொடையில் 3 வீதத்தை வருமானமாகப் பாவித்து அதன்மீது வரி விதிக்கிறது சட்டம். சட்டம் வந்த காலத்து 28 வீத விகிதத்தில் பார்த்தால், பத்து இலட்சம் ரூபாய் நன்கொடைக்கு 8,400 ரூபாய். இடம்பெயர்ந்தோரின் புனர்வாழ்வு போன்ற சிலவற்றுக்கு இதைத் தள்ளுபடி செய்ய இடமுண்டு. ஆனால் அரசு அடையாளங்கண்ட பிரதேசமாக இருக்க வேண்டும். தொகை சிறிதென்று வாதிடுவோர் உண்டு. பிறர் கொடுத்த அரிசியில் ஒரு பிடி எடுத்துக்கொள்ள அரசுக்கு என்ன உரித்து என்பதே என் கேள்வி.

வரியைவிடக் கொடியது சந்தேகம். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தொண்டு நிறுவனங்களைப் பதியும் செயலகம், 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோகப்பட்டது. பின்னர் அமைச்சுகள் மாறின. ஆனால் 2014 யூலையில் அச்செயலகம் அனுப்பிய சுற்றறிக்கையைப் பத்திரிகைத் தொழிலில் உள்ள எவரும் மறந்திருக்க முடியாது. ஊடகச் சந்திப்பு நடத்தாதே, ஊடகவியலாளருக்குப் பயிற்சி கொடாதே, அறிக்கை வெளியிடாதே என்றது அது. கஞ்சி ஊற்றலாம், வாய் திறக்கலாகாது!

இங்கிலாந்தில் வரி செலுத்தும் ஒருவர், ஊர்ப் பாடசாலைக்கு உதவும் அங்குள்ள தரும நிறுவனம் ஒன்றுக்கு 100 பவுண் கொடுத்தால், அந்நிறுவனம் அரசிடமிருந்து மேலும் 25 பவுண் பெறலாம். பருத்தித்துறையில் இருந்து அதே பாடசாலைக்கென ஊர்ச் சங்கத்திடம் கொடுக்கும் ஆசிரியைக்கு ஒன்றுமில்லை. பிறகு, 'வெளிநாட்டுப் பணத்தில் இயங்குகிறார்கள்' என்று குற்றஞ்சாட்டுவதும் கொழும்புதான்.

கள்ளத் தொண்டர்கள் இல்லையா? உண்டு. சுனாமிக்குப் பின் பெயர்ப்பலகையோடு முளைத்தவர்களை நாம் கண்டோம். ரொறன்ரோவிலும் பரிஸிலும் விருந்து வைத்துப் பணம் சேர்த்து, கணக்கே காட்டாத நம்மவர் சங்கங்களையும் அறிவோம். இதற்கு மருந்து புலனாய்வாளரின் விசாரணை அன்று, பகிரங்கக் கணக்கு. இங்கிலாந்தின் தரும ஆணைக்குழுவின் பதிவேட்டை வீட்டிலிருந்தபடியே எவரும் பார்க்கலாம். பெரிய நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளும் அங்கே கிடக்கின்றன. நமது தொண்டு நிறுவனங்களின் கணக்கை, பணம் கொடுத்தவர் அவ்வாறு பார்க்கக்கூடிய நாள் எப்போது?

வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் நிதியமைச்சு பொதுமக்களிடம் முன்மொழிவுகள் கோருவதுண்டு. நமது பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் அமைச்சர்களுக்கு மாலை போடும் நேரத்தில், 1917 ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தை இறைவரிக் கழிவுக்கும் பொருத்துங்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும்.