இரு வார ஆசானும் இருநூறு ஆண்டுப் பாடமும்

கடல் கடந்து வருகிறார்கள், கனிவோடுதான் வருகிறார்கள். கோடை விடுமுறை பிறந்ததும் அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் உள்ள கிறித்தவத் திருச்சபைகள் பல, தங்கள் இளைஞர்களைக் குழு குழுவாக ஏழை நாடுகளுக்கு அனுப்பி வைக்கின்றன. தாய்லாந்திலே ஒரு சிற்றூர், கம்போடியாவிலே ஒரு குப்பம் என்று சென்றிறங்கும் அந்த இளைஞர்கள், பத்து நாளோ பதினைந்து நாளோ தங்கி, அங்குள்ள சிறார்க்கு ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். பாட்டுச் சொல்லித் தருகிறார்கள். வேதாகமக் கதை கூறுகிறார்கள். குழந்தைகளை அணைத்தபடி படம் எடுத்துக் கொள்கிறார்கள். பிறகு விமானம் ஏறிவிடுகிறார்கள். குறுகிய கால ஊழியம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதனைப் போற்றுவாரும் உளர், தூற்றுவாரும் உளர். "தன் காசைச் செலவிட்டுத் தன் விடுமுறையை ஏழைக்கு ஈகிறானே, இதைவிட என்ன தொண்டு வேண்டும்?" என்பர் ஒரு சாரார். "ஆங்கிலம் என்பது தூண்டிற்புழு, மதம்தான் முள்" என்பர் மற்றொரு சாரார். இரு சாராருமே ஒரு கேள்வியை மறந்துவிடுகின்றனர். விமானம் பறந்த மறுநாள் காலை, அந்தப் பள்ளியின் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை கூறும் தகுதி தமிழர்க்கு நிரம்ப உண்டு. கடல் கடந்து வந்த ஆசான்களிடம் ஏறத்தாழ இருநூறு ஆண்டு பாடம் கேட்ட இனம் இது. பெற்றது என்ன, இழந்தது என்ன என்று கணக்குப் பார்க்கும் உரிமை நமக்குண்டு, கடமையும் உண்டு.

வட்டுக்கோட்டை காட்டிய உண்மை

1823ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே அமெரிக்கப் பாதிரிமார் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினர். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானநூலும் அங்கே கற்பிக்கப்பட்டன. நற்செய்தி பரப்புவோரை உருவாக்குவதே அவர்களுடைய நோக்கம். அறிவு பெறுவதே அங்குச் சென்ற மாணவர்களின் நோக்கம். இரண்டு நோக்கங்களும் ஒரே கூரையின் கீழ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தன.

விளைவு என்ன? ஆங்கிலம் கற்றவர்களில் மிகப் பலர் அரசு அலுவல்களை நாடிச் சென்றனர். "நாம் ஊழியரை வளர்க்க வந்தோமா, குமாஸ்தாக்களை வளர்க்க வந்தோமா?" என்ற கேள்வி அமெரிக்கத் தலைமையகத்திலே எழுந்தது. அங்கிருந்து வந்த மேலாளர் ரூபஸ் ஆண்டர்சன் பார்வையிட்டார். ஆங்கிலக் கல்வியால் சமயப் பணிக்குப் பயனில்லை என்று முடிவு கட்டினார். 1855இல் கல்லூரிக் கதவு மூடப்பட்டது.

தோழர்களே, இதை ஊன்றிக் கவனித்திடல் வேண்டும். பாடம் தோற்றதால் பள்ளி மூடப்படவில்லை. பாடம் வென்றதால் மூடப்பட்டது! அந்த வட்டுக்கோட்டையிலே பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாய்த் திகழ்ந்தனர். அந்தத் தாமோதரனார்தாம் பின்னாளில் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் கற்பித்து மதம் வளர்க்க எண்ணினார்கள். ஆங்கிலம் கற்றவரோ பழந்தமிழை வாழ வைத்தார். கொடுத்தவர் நினைத்தது ஒன்று, பெற்றவர் ஆக்கியது வேறொன்று. கொடுத்தவர் கணக்குப் பொய்த்தவுடன் கொடை நின்றது. மக்களின் ஆர்வமோ நிற்கவில்லை. 1872இல் அது யாழ்ப்பாணக் கல்லூரியாய் மறுபிறவி எடுத்தது.

பிறர் கையிலே திறவுகோல் உள்ள வரையில், எவ்வளவு பெரிய கல்விக்கூடமாயினும் அது இரவல் வீடுதான். இது முதற்பாடம்.

அதே மண்ணிலே மற்றொரு காட்சியும் நடந்தது. மானிப்பாயில் தங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தாம் தமிழ் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிலேயே மருத்துவமும் கற்பித்தார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார்; அதனால் அவர் கற்பித்தது நிலைத்தது. இது இரண்டாம் பாடம்.

திண்டிவனத்து இரவு

மூன்றாம் பாடம் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்த மருத்துவப் பாதிரியார் ஜான் ஸ்கடர். அவர் மைந்தர்கள் 1853இல் நிறுவியது ஆர்க்காட்டு மிஷன். அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று திண்டிவனம். அவருடைய பேத்தி ஐடா, 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவிலே படித்து, 1890 வாக்கில் நோயுற்ற தாயைக் காணத் திண்டிவனம் வந்தார். வந்தது சிறிது காலம் தங்கித் திரும்புவதற்கு. இன்றைய மொழியிலே சொன்னால், அவரும் குறுகிய கால வருகையாளர்தாம்!

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தன் இளம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டும் என்று ஓர் அந்தணர் வேண்டி நின்றார். "என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. ஆடவர் தன் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிவிட்டார். பின்னர் ஓர் இசுலாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வேறொரு மேல்சாதி இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் மாண்டு போயினர்.

அந்த மூன்று பெண்களைக் கொன்றது யார்? நோயா? இல்லை. மருத்துவர் அதே ஊரில் இருந்தார், மருந்தும் இருந்தது. கொன்றது வழக்கம்! பெண்ணை ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கம். பெண்ணைப் படிக்க வைக்கலாகாது என்ற வழக்கம். முதல் வழக்கம் மருத்துவரைத் தடுத்தது. இரண்டாம் வழக்கம் மருத்துவச்சி உருவாவதைத் தடுத்தது. இரண்டுக்கும் நடுவே சிக்கி உயிர் விட்டனர் நம் பெண்கள். இந்தப் பழியை வெளிநாட்டார் மேல் போட முடியாது. நம் சமுதாயம்தான் சுமந்தாக வேண்டும்.

ஐடா என்ன செய்தார்? இரண்டு வாரம் நல்லுரை கூறிவிட்டுக் கப்பலேறினாரா? ஊர் திரும்பினார், மருத்துவம் படிப்பதற்காக. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூர் வந்து, ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி நிறுவினார். 1947இல் அந்தக் கல்லூரி ஆடவர்க்கும் கதவு திறந்தது. 1960இல் கொடைக்கானலில் மறையும் வரையில் இந்த மண்ணே அவருடைய மண்ணாயிருந்தது.

அவர் மருத்துவராய் ஆயிரம் பேரைக் காத்தார் என்பதைவிடப் பெரிது ஒன்றுண்டு: மருத்துவராகும் வித்தையை இந்நாட்டுப் பெண்கள் கையிலே ஒப்படைத்தார். தாம் இல்லாத நாளிலும் வேலை நடக்க வழி செய்தார். தொண்டின் உரைகல் அது. தொண்டர் போனபின் எஞ்சுவது எவ்வளவோ, அவ்வளவே தொண்டின் எடை.

உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்

இந்த உரைகல்லிலே இன்றைய இருவார ஆங்கில ஆசானை உரைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவன் குரலைக் கேட்கும் வாய்ப்புக் குழந்தைக்குக் கிடைக்கிறது. கூச்சம் சற்றே தெளிகிறது. நன்று, ஒப்புக்கொள்வோம். ஆனால் மொழி கற்பித்தல் குரல் கேட்பித்தலோடு முடிவதா?

தமிழ்ச் சிறுவன் வினைச்சொல்லை வாக்கியத்தின் இறுதியிலே வைப்பவன். ஆங்கிலமோ அதனை நடுவிலே வைக்கச் சொல்கிறது. ஒரே ககரத்தைக் 'கடல்' என்பதில் வல்லென்றும், 'தங்கம்' என்பதில் மெல்லென்றும் ஒலித்துப் பழகியவன்; ஆங்கிலமோ இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்துக் கேட்கிறது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன்னே வந்து நிற்கும் 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு நிகரானவை நம் மொழியில் இல்லை. எனவே குழந்தை எங்கே தடுக்கி விழும் என்பது இரண்டு மொழியும் அறிந்த ஆசிரியர்க்குத்தான் தெரியும். இவையெல்லாம் பதினைந்து நாளில் தீருமா? பருவம் தோறும் உழ வேண்டிய கழனி அது. பயணி ஒருவர் பாதையோரம் விதை தூவிப் போனால் பயிராகுமா?

1961இல் அமெரிக்க அரசு தொடங்கிய அமைதிப்படைகூடத் தன் தொண்டர்களுக்கு முதலில் அந்தந்த நாட்டு மொழியைக் கற்பித்து, பிறகே இரண்டாண்டுப் பணிக்கு அமர்த்துகிறது. அரசியல் நோக்கம் அதற்கும் உண்டு என்று ஐயுற்றோர் பலர். 1976இல் இந்தியாவிலிருந்து அப்படை விலகியும் போயிற்று. ஆயினும், மொழியறியாமல் மொழி கற்பிக்க முடியாது என்ற உண்மையை அது உணர்ந்திருந்தது.

சமயத்தைப் பொறுத்தவரை நம் நிலை ஒளிவு மறைவற்றது. தன் நெறியைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு எவர்க்கும் உரிமை தருகிறது. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்த 30ஆம் பிரிவு உரிமை தருகிறது. இந்நாட்டுக் கிறித்தவர் இந்நாட்டு மக்கள். அவர்கள் நடத்தும் பள்ளிகளிலே படித்து உயர்ந்த எளிய குடும்பங்கள் எண்ணற்றவை. எனவே சிலுவையைக் கண்டதும் சீறும் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. நாம் கேட்பது ஒன்றே: பசித்தவனுக்கு இடும் சோற்றிலே நிபந்தனை கலவாதீர். எழுத்தறிவு ஏழையின் உரிமை. அதை எந்த மதத்தின் கைக்கூலியாகவும் ஆக்காதீர். கோயிலின் பெயரால் செய்தாலும், மசூதியின் பெயரால் செய்தாலும் இதே சொல்தான்.

முண்டியம்பாக்கத்திலிருந்து ஒரு பார்வை

திண்டிவனத்திலே இரயிலேறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி தாண்டினால் முண்டியம்பாக்கம். கரும்பு வண்டிகள் வரிசை கட்டும் சர்க்கரை ஆலையால் அறியப்பட்ட ஊர். அந்த ஊரிலேதான் 2010ஆம் ஆண்டு விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மூன்று பெண்கள் மடிந்த அந்தத் திண்டிவனத்து இரவுக்கும், பெண் மருத்துவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கும் இந்த மருத்துவமனைக்கும் இடையே தூரம் சில கல். காலமோ நூற்றிருபது ஆண்டு! ஐடா ஏந்திய விளக்கு அருளால் எரிந்தது. இங்கே எரியும் விளக்கு வரிப்பணத்தால் எரிகிறது. அருளுக்கு நன்றி கூறலாம். வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்கலாம். குடியாட்சியின் மேன்மை அதில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கைத்தான் இப்போது கேட்கிறோம். அந்தக் கல்லூரி வாயிலைக் கடந்து நாள்தோறும் பள்ளிக்குப் போகும் கரும்பு வெட்டியின் மகள், ஒரு நாள் அதற்குள்ளே வெள்ளையுடுத்தி நுழைவாளா? அல்லது துடைப்பம் ஏந்தித்தான் நுழைவாளா? அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் இடஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் பிறந்தது; கதவு திறந்தது. ஆனால் கதவுக்கு உள்ளே இருக்கும் நூல்கள் ஆங்கில நூல்கள்! தமிழ் வழியிலே படித்து நுழையும் பிள்ளை, நோயின் பெயரை அறியுமுன் மொழியோடு மல்லாட வேண்டியிருக்கிறது.

1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானித்தது. மூன்றாம் மொழி வேண்டா என்று முழங்கிய நாம், இரண்டாம் மொழியை ஒழுங்காய்த் தந்தாக வேண்டிய கடனாளிகளாகவும் ஆனோம். உலகத்துக்குச் சாளரம் ஆங்கிலம் என்று மேடையிலே சொல்லிவிட்டு, சிற்றூர்ப் பள்ளியிலே அந்தச் சாளரத்தை அடைத்து வைத்தால், அது கொள்கைக்குச் செய்யும் துரோகம். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. பலகையிலே எழுத்து மாறினால் போதுமா? பலகைக்குக் கீழே நிற்கும் ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டாவா? ஆறு ஆண்டு ஆங்கிலம் படித்த சிறுமி அந்நியர் முன் ஒரு வாக்கியம் பேச அஞ்சுகிறாள் என்றால், வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். வெற்றிடம் உள்ள இடத்தில்தான் இருவார ஆசான் வந்து அமர்கிறான்; மாதக் கட்டணம் வாங்கும் ஆங்கிலக் கடைக்காரனும் வந்து அமர்கிறான். வந்தவர்மேல் கோபித்துப் பயன் என்ன? நாற்காலியைக் காலியாக விட்டவர் யார்?

ஆகவே, தோழர்களே, வேலை இருவகைப்படும். அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று: ஆசிரியப் பணியிடம் எங்கே காலியோ, அங்கே உடனே நிரப்புக; தமிழின் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியை ஒவ்வோர் ஆசிரியர்க்கும் அளித்திடுக; மருத்துவ நூல்களை, அன்று மானிப்பாயிலே தனியொரு மனிதர் தொடங்கியதுபோல், தமிழிலும் ஆக்கித் தருக. யார் ஆண்டாலும் இந்தக் கோரிக்கை மாறாது.

நாமே செய்ய வேண்டியது மற்றொன்று. ஊர்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம் நமது. மண்ணெண்ணெய் விளக்கிலே இரவுப் பள்ளி நடத்திய பரம்பரை நமது. இன்று ஒவ்வொரு கிளையிலும் பட்டம் பெற்ற இளைஞர், ஆங்கிலம் அறிந்த பெண்கள் நிரம்ப இருக்கின்றனர். வாரத்தில் மூன்று மாலை, ஆண்டு முழுவதும், ஒரு மாலையும் தவறாமல், பத்துக் குழந்தைகளை உட்கார வைத்து ஆங்கிலம் படிக்க வைக்கட்டும். விளம்பரம் வேண்டா, படம் எடுக்க வேண்டா, கொடிகூட அங்கே வேண்டா. எந்தச் சாதிக் குழந்தை, எந்த மதக் குழந்தை, எந்தக் கட்சிக்காரர் வீட்டுக் குழந்தை என்று பாராமல் நடக்கட்டும். கடல் கடந்து வரும் நல்லெண்ண இளைஞன் வந்தால், அவனையும் அந்த வகுப்பிலே உட்கார வைப்போம். நம் குழந்தைகள் அவனுக்குத் தமிழ் கற்பிக்கட்டும், அவன் அவர்களோடு ஆங்கிலம் பேசட்டும். விருந்தினனாய் வரட்டும், வீட்டை நடத்துவோர் நாமாயிருப்போம்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் காலை, கரும்பலகைக்கு முன்னால் நம்மூர்ப் பெண்ணொருத்தி சுண்ணக்கட்டியோடு நிற்க வேண்டும். அடுத்த ஞாயிறுக்குள் உங்கள் கிளையிலே அவள் யார் என்பதை முடிவு செய்யுங்கள்.