ஒட்டுவதா, உருக்கி இணைப்பதா?

மொறிஸ் மைனர் காரை இன்றும் பேணுவோர் யாழ்ப்பாணத்தில் உளர். உப்புக்காற்று அதன் தகட்டை அரிக்கின்றது. துருவை வெட்டி நீக்கியபின் புதுத் தகட்டைப் பசையால் ஒட்டலாமா, வெல்டிங் செய்ய வேண்டுமா என மாணவர் சிலர் நம்மை வினவினர்.

பசை என்றதும் நகைக்க வேண்டாம். 1996இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் காரின் அலுமினிய அடிச்சட்டமே எப்பொக்சிப் பசையால் ஒட்டப்பட்டதுதான். வெல்டிங் வெப்பமோ மெல்லிய தகட்டை நெளிக்கும். பின்புறப் பூச்சை எரித்து மீண்டும் துருவுக்கு வழிதிறக்கும். எனினும், துருவோ எண்ணெயோ எஞ்சிய தகட்டில் பசை பற்றாது. ஓரத்திலிருந்து உரித்திழுக்கும் விசையையும் அது அவ்வளவாகத் தாங்காது.

கதவின் வெளித் தகட்டை ஒட்டலாம். மொறிஸ் மைனருக்கோ தனி அடிச்சட்டம் இல்லை; உடலே பாரத்தைச் சுமக்கின்றது. ஆகவே அடித்தளத்தையும் கதவின் கீழுள்ள பக்கச் சட்டத்தையும் வெல்டிங் செய்தே ஆகவேண்டும். அங்கும் ஒட்டி, வர்ணம் பூசி விற்போர் உளர். வாங்குவோர் குனிந்து பார்ப்பாராக.