கீறல் சிறிதாயிற்று, விடுப்பு பெரிதாக வேண்டும்!

முதுகு வலிக்கிறது என்று சொன்னால், "மரம் வெட்டுகிறவனுக்கு வேறு எது வலிக்கும்?" என்று கேட்பது தோட்டத்து வழக்கம். குனிந்து சீவி, பால் வாளி சுமந்து தேய்ந்த முதுகு வலிக்கத்தான் செய்யும். ஆனால், சிறுநீரகம் பழுதுபட்டு, டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பினால் உயிர் தாங்கி நிற்கும் தொழிலாளியின் முதுகு வலியை அவ்வாறு ஒதுக்குவது தகாது என்பதே நமது கருத்து.

காரணம் உண்டு. நெடுங்காலம் இச்சிகிச்சை பெறுவோரில் சிலருக்கு முதுகெலும்பும் அதன் இடையிலுள்ள வட்டுகளும் அரித்துச் சிதைவதை 1984-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். இயந்திரம் முழுவதும் வடித்தெடுக்காத ஒருவகைப் புரதம் மூட்டுகளில் படிவதை 1985-இல் ஜப்பானியர் கண்டறிந்தனர். சிகிச்சைக் குழாய் வழியே கிருமி புகுந்து முதுகெலும்பைத் தாக்குவதும் உண்டு. ஆகவே, முதுகு வலியோடு காய்ச்சல் கண்டாலோ, கால் மரத்து வலுவிழந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. அது இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மிச்சமுள்ள சிறுநீரகச் சக்தியையும் கெடுக்கலாம்.

"முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான்" என்ற அச்சம் நம்மவரிடையே உண்டு. முன்பு முதுகை நீளக் கீறி, தசையை எலும்பிலிருந்து பிரித்தே அறுவை செய்தனர். இன்றோ, சிறு குழாயைத் தசைகளுக்கிடையே செலுத்தி, நரம்பை நெருக்கும் பகுதியை மட்டும் அகற்றும் முறை வந்துவிட்டது. இரத்தம் எளிதில் உறையாத, புண் விரைவில் ஆறாத டயாலிசிஸ் நோயாளிக்குக் காயம் சிறிதாவது பெரும் நன்மையல்லவா? ஆயினும், இது எல்லாருக்கும் பொருந்தாது. முதுகெலும்பு நிலைகுலைந்திருந்தால் திருகாணியும் கம்பியும் வைத்துப் பிணைக்க நேரலாம். இவர்களுக்கு ஆபத்தும் மற்றவரைவிட அதிகம். எலும்பு மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டிய காரியம் இது.

வைத்தியம் முன்னேறிவிட்டது, தொழிலாளி அதை எட்டுவது எப்படி? வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றால், ஆண்டுக்கு 156 நாள் சுத்திகரிப்புக்கே போகிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமோ, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கே 22 நாள்தான் சம்பளத்துடன் நோய் விடுப்புத் தருகிறது. மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் உண்டு. தகுதியுள்ள சந்தாதாரரின் சுத்திகரிப்புச் செலவை சொக்சோ ஏற்கிறது. ஆனால், வெட்டுக்காட்டுக்குப் போகாத நாளின் கூலியை யார் தருவது? இதற்கு மேல் முதுகைக் காட்ட ஜெலுபுவிலிருந்தும் கெமாசிலிருந்தும் சிரம்பான் துவாங்கு ஜாபர் மருத்துவமனைக்கு இன்னொரு நாள் போ என்றால், அவன் மாத்திரைக் கடைக்குத்தான் போவான்!

எனவே, அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் மூன்று கோரிக்கைகள் இடம்பெற வேண்டும். சுத்திகரிப்பு நாட்களுக்கு 22 நாளில் கழிக்காத, சம்பளத்துடன் கூடிய தனி விடுப்பு; மருத்துவமனைக்குச் சென்றுவரத் தோட்ட வாகனம்; அறுவைக்குப் பின் மருத்துவர் சொல்லும் காலம்வரை, கூலி குறையாமல், வாளி சுமக்காத இலேசான வேலை.

நிர்வாகத்திடம் நாம் சலுகை கேட்கவில்லை. தோட்டத்துக்காக வளைந்த முதுகுக்கு உரியதைக் கேட்கிறோம். கிளைக் கூட்டங்கள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமைக்கு அனுப்பட்டும்!