வேலியுள்ள வீட்டில் நாய் வளர்க்கலாகாதா?

தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமபுத்திரர் மறுத்தார் என்பது மகாபாரதக் கதை. அக்கதையை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகம் இளகுவதைக் கண்டிருக்கிறேன். அண்மையில் எனக்கு நேர்ந்த ஓர் அநுபவத்தின் பின்னர் வேறோர் எண்ணமும் உடன் எழுகின்றது. நாயை வைத்திருக்க மதில் உண்டா என்று அவரை எவரும் கேட்கவில்லை; அப்போது அவருக்கு வீடே இல்லை.

கைவிடப்பட்ட நாய்களை எடுத்துப் பேணி, வேண்டுவோர்க்கு வழங்கும் நல்லோர் சிலரிடம் ஒரு நாயைக் கேட்டேன். வண்டியில் அடிபட்டு ஒரு காலை ஊன்றமாட்டாத பெட்டை அது. படிவம் நிரப்பினேன். சம்பளம் கேட்டனர், கூறினேன். வீட்டின் படம் கேட்டனர், அனுப்பினேன். படத்திற் கிடுகு வேலியும் கடப்படியும் தெரிந்தன. மதிலும் இரும்புக் கதவும் இல்லாத வளவுக்கு நாய் தருவதில்லை என்று விடை வந்தது. வேலியின் அடியிற் கம்பிவலை அடிப்பதாக எழுதினேன். ஆறு வாரம் கழிந்தும் மறுமொழி இல்லை. நாய் இன்னும் கூட்டிலேயே இருப்பதாக அறிகிறேன்.

அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குட்டியாய் இருக்கையிற் கொஞ்சி, வளர்ந்ததும் சந்தையடியில் விட்டு வருவோர் நம்மிடையே உளர். பெட்டைக்குட்டியாயின் கண் திறக்குமுன்னரே வீதிக்கு வந்துவிடும். மிருகவதைத் தடைக்கென 1907இல் இயற்றப்பட்ட சட்டம் குறித்த தண்டப்பணத்தின் உச்சவரம்பு 100 ரூபா; அதற்கு அஞ்சுவார் யார்? ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை ஆராயாது ஒருவர் கையில் ஒப்படைக்கலாகாது என்பது நியாயமே.

ஆயினும், மதில் அன்பின் அளவுகோல் ஆகுமா? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மதிலின்றி வேலியுடன் வாழும் குடும்பங்கள் எத்தனை! 2007இற் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது, அவிழ்த்துவிட்டு வந்த தம் நாயை எண்ணி உண்ணாதிருந்த முதியவர் ஒருவரை யான் அறிவேன். அவர் வீட்டுக்கும் மதில் இருந்ததில்லை.

கேட்கத் தக்க வினாக்கள் வேறுள. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவிப்பீரா? கருத்தடைச் சிகிச்சை செய்விப்பீரா? நீர் வெளியூர் சென்றால் உணவிடுவார் யார்? விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. 1973இல் இந்நாட்டில் அந்நோயால் மாண்டோர் 377 பேர்; பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்ததற்கு நாய்களுக்குப் போட்ட ஊசியும் கடியுண்டார்க்குச் செய்த சிகிச்சையுமே காரணம். நூறு நாய்களுள் எழுபதுக்கேனும் ஊசி போட்டால் நோய் பரவாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006இல் அரசு நிறுத்தியபின், அவற்றை வளர்ப்பாரைத் தேடுதல் முன்னிலும் இன்றியமையாததாயிற்று. மதிலின்மையால் நாம் விலக்கும் ஒவ்வொரு வீடும் ஊசி பெறாத ஒரு நாயை வீதியில் விடுகின்றது.

சென்ற மாதம் மாணவன் ஒருவன் சந்தையடியிற் கிடந்த பெட்டைக்குட்டி ஒன்றைச் சட்டைக்குள் பொதிந்து என் கடப்படிக்குக் கொண்டுவந்தான். "சேர், இதுக்குச் சோறு வைப்பீங்களா?" என்பதே அவன் கேட்டது. அக்குட்டி இப்போது என் வீட்டில் வளர்கின்றது. எனினும், கூட்டிலிருக்கும் அந்த நொண்டி நாயை மனம் மறக்கவில்லை.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுள் மிருக வைத்தியரும் உளர். பொருள் உடையோரும் உளர். இந்த யூபிலி ஆண்டின் நினைவாக, ஆண்டுக்கொரு நாள் நம் கல்லூரி வளவிற் சுற்றுப்புற நாய்களுக்கு ஊசியும் கருத்தடையும் இலவசமாய்ச் செய்விப்போம். குட்டிகளை வளர்க்க விரும்பும் எளிய குடும்பங்களின் பெயர்களை மாணவர் திரட்டித் தருவர். நாய்களைப் பேணும் நல்லோரும் அப்பட்டியலைப் பார்த்து, மதிலைப் பாராது மனிதரைப் பார்ப்பாராக.