ஒரு அரசிதழ் அறிவிக்கைக்காக

‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்ற செய்தி இல்லாத நாளிதழைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அரிது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் போதும். விசாரணையே இல்லாமல் ஒருவரை ஓராண்டுவரை சிறையில் வைத்திருக்கலாம். 1982-ல் மாநிலம் இயற்றிய அந்தச் சட்டத்துக்கு இடம் கொடுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. அது இருப்பதோ அடிப்படை உரிமைகள் பகுதியில்!

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்கிறது அப்பிரிவு. அடுத்த மூச்சிலேயே, தடுப்புக் காவல் கைதிக்கு இவை பொருந்தாது என்று கைவிரிக்கிறது. குடியரசான மறுமாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதை எதிர்த்துச் சென்னை மாநிலச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

நெருக்கடிநிலைக் காலத்தில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின் கொடுமைகளைப் பார்த்த பிறகு, ஜனதா ஆட்சியில் நிறைவேறிய அரசமைப்புச் சட்டத்தின் 44-வது திருத்தம் தடுப்புக் காவலுக்குக் கடிவாளம் போட்டது. காவல் உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதலின்றிக் காவலில் வைக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறையும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே கழகம் அமையும். பணியிலுள்ள நீதிபதிதான் தலைவர். ஆனால், நடைமுறைக்கு வரும் தேதியை அரசிதழ் அறிவிக்கை மூலம் முடிவுசெய்வது மத்திய அரசு. திருத்தத்தின் மற்ற பகுதிகள் 1979-லேயே அமலுக்கு வந்துவிட்டன; இதற்கு மட்டும் இன்றுவரை தேதி குறிக்கப்படவில்லை. ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அரசுக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. மிசா கைதி என்று மார்தட்டிக்கொள்ளும் தலைவர்கள் டெல்லியில் ஆண்டபோதும் கோப்பு நகரவில்லை என்பதுதான் வேடிக்கை.

ரவுடிகளை வெளியே விட்டால் சாட்சி சொல்ல யார் வருவார்கள் என்று காவல் துறை கேட்கும். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால், பிணையை எதிர்க்கவும், தவறாகப் பயன்படுத்தினால் ரத்துசெய்யக் கோரவும் வழி இருக்கிறது. அங்கே நீதிபதியிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பித்தான் குண்டர் சட்டம் கையிலெடுக்கப்படுகிறது. ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்துசெய்தாலும், சிறையில் கழிந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

நாடாளுமன்றம் நிறைவேற்றியதை அமல்படுத்த மத்திய அரசு இனியும் தாமதிக்கக் கூடாது. தமிழ்நாடு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அறிவுரைக் கழக உறுப்பினர்களைத் தலைமை நீதிபதி பரிந்துரைக்கவும், கைதிக்காக அங்கே வழக்கறிஞர் வாதாடவும் இடமளித்து, தன் 1982 சட்டத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே திருத்தட்டும்.