முதல் வருஷம் முறுக்கு, மூன்றாம் வருஷம் பரோட்டா

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சலிங்கும் முடிந்து, எந்தக் காலேஜ் என்று தெரிந்த மறுநாளே பக்கெட், மக், தலையணை, பூட்டு என்று வாங்கக் கிளம்பிவிடுகிறோம். ஹாஸ்டல் ஃபீஸ் கட்டியாச்சு, மெஸ் அட்வான்ஸ் கட்டியாச்சு, மூன்று வேளைச் சோற்றுக்குக் கவலையில்லை என்று ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை. "சாப்பிட்டியா?" என்று போனில் கேட்கிறோம். "ம்" என்று பதில் வருகிறது. அந்த "ம்"முக்குள்ளே எத்தனை சமாசாரம் ஒளிந்திருக்கிறது தெரியுமா?

"என் பிள்ளை இப்போதுதான் எல்.கே.ஜி. போகிறது, எனக்கு இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பதினாலு வருஷம் ஓடுவது தெரியாது. தவிர, ஹாஸ்டலில் எந்தப் பிள்ளை தேறுகிறது, எது வாடுகிறது என்பது பாதி நம் அடுப்படியிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இந்த ஏழெட்டு வருஷத்தில் நாலு பேர் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள். அக்கா மகன், அண்ணன் மகள், என் பெண்கள் இருவர். வேறு வேறு ஊர், வேறு வேறு படிப்பு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நாலு பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே வழியில்தான் போனார்கள்.

முதல் வருஷம் முறுக்கு வருஷம். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு போவார்கள். பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், தக்காளித் தொக்கு, தட்டை, அதிரசம். ஒரு மாசத்துக்கு என்று நாம் கொடுப்போம், மூன்றாம் நாள் டப்பா காலி. அறையில் நாலு பேர், பக்கத்து அறையில் நாலு பேர் என்று பகிர்ந்து தின்பதால்தான் அது. திருநெல்வேலிப் பெண் கொண்டுவந்த அல்வாவும் செட்டிநாட்டுப் பெண்ணின் சீப்புச் சீடையும் என் பெரியவளுக்குப் பழக்கமானது அப்படித்தான். இதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அவியலைத் தொடாத பெண், நாகர்கோவில்காரத் தோழியின் வீட்டு அவியலைச் சாப்பிட்டுவிட்டு "அம்மா, நீ ஏம்மா இப்படிப் பண்றதில்ல?" என்று கேட்டாள்!

மெஸ் சாப்பாடு என்றால் முதல் மாசம் கண்ணீர்தான். சாம்பார் தண்ணி, ரசம் கடுப்பு, பொரியலில் எப்போது பார்த்தாலும் முட்டைக்கோஸ். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடம், அப்படித்தான் இருக்கும். ஆனால் மெஸ் சாப்பாடு அவ்வளவு மோசமில்லை என்பது என் கட்சி. சோறு, பருப்பு, ஒரு காய், மோர், வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முட்டை. ருசி இல்லையே தவிர சத்து இருக்கிறது. கெடுப்பது மெஸ் அல்ல, மெஸ்ஸுக்குப் போகாததுதான்.

முதலில் கழன்று விழுவது காலை ஆகாரம். எட்டேகாலுக்கு மெஸ் கதவைச் சாத்துகிறார்கள், எட்டரைக்கு வகுப்பு. ராத்திரி ஒரு மணிக்குப் படுத்த பெண் ஏழரைக்கு எழுந்து, குளியலறை வாசலில் வரிசையில் நின்று, துணி மாற்றி ஓடுவதற்குள் பொங்கலாவது வடையாவது! முதல் வாரம் ஒருநாள் விடுவார்கள். இரண்டாம் செமஸ்டருக்குள் காலை ஆகாரம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகும். பதினோரு மணிக்கு கேன்டீனில் ஒரு டீ, ஒரு பஃப்ஸ். அதோடு மத்தியானம் பசி செத்துப்போகிறது.

இரண்டாம் வருஷம் பயம் தெளிந்து, ஊர் தெரிந்து, கையில் கொஞ்சம் காசும் வருகிறது. ஆண் பிள்ளைகள் சாயங்காலம் கூட்டமாகப் பரோட்டாக் கடைக்குக் கிளம்புகிறார்கள். பெண்களுக்கு கேட் சாத்துகிற நேரம் உண்டு. அவர்களுக்கு போனிலேயே கடை. பத்து விரல் கூட வேண்டாம், ஒரு விரலால் தட்டினால் ஃபிரைட் ரைஸ் கேட்டுக்கு வந்து நிற்கிறது. அறையில் வைக்கக்கூடாத கெட்டில் ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கும், அதில் நடுராத்திரி நூடுல்ஸ். ஒன்று போதாது, இரண்டு பாக்கெட். அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சோடியம் 1,000 மில்லிகிராம் என்று இருந்தால் அது இரண்டரை கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்பு போதும் என்கிறார்கள் வைத்திய உலகத்தில்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் பணம். எங்கள் பிள்ளைகள் இருந்த ஹாஸ்டல்களில் மாசச் செலவு மொத்தத்தையும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுத்தான் மெஸ் பில் போடுவார்கள். சாப்பிடாத பொங்கலுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், வெளியே வாங்கின பஃப்ஸுக்கும் நாம்தான் கொடுக்கிறோம்.

இப்போது என் சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருஷ தீபாவளிக்கு வந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சீப்பு நிறைய முடி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருந்தது. இதையெல்லாம்விட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. அரிசி டின்னைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டே டி.வி. பார்க்கிறாள்! "ஹாஸ்டல்ல எல்லாரும் இப்படித்தாம்மா திம்போம், டைம்பாஸ்" என்றாள். பச்சரிசி, ஐஸ், சாக்பீஸ் என்று தின்னத் தோன்றுவது ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்ததற்கு ஒரு அடையாளம் என்று எங்கள் டாக்டரம்மா சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது.

இது ஏதோ எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதும் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு பெண்கள் நின்றால் ஒருத்திக்கு! அரசுப் பள்ளியில் படிக்கும் வரை வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை கொடுத்து, டீச்சரே முன்னால் நின்று விழுங்க வைக்கிறார்கள். காலேஜுக்குப் போனால் யார் கேட்கிறார்கள்? வயசு வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19 போதும் என்று கணக்கு. மாசாமாசம் ரத்தம் போகிறதல்லவா? ஆனால் ஹாஸ்டலில் பாருங்கள், பையன்கள் பரோட்டாவாவது நாலு தின்கிறார்கள், பெண்கள் "குண்டாயிடுவேன்" என்று அரை வயிறு.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், பூச்சி மருந்தும் கொடுத்தார். மாத விலக்கில் போக்கு அதிகமா என்றும் விசாரித்தார். அதிகமாக இருந்தால் மாத்திரையால் மட்டும் சரியாகாது, அதையும் பார்க்க வேண்டுமாம். இரும்பு மாத்திரையைப் பற்றி அவர் சொன்னதை எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படக்கூடாது. டீ, காபி, பால், கால்ஷியம் மாத்திரை எதனோடும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. எலுமிச்சம் ஜூஸோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாக ஒட்டும். எண்ணிக்கை 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாமல், டாக்டர் சொல்கிற வரை இன்னும் சில மாசம் சாப்பிட்டால்தான் உடம்பில் சேமிப்பு ஏறும். பாதிப் பெண்கள் பத்தாம் நாளே வயிறு பிசைகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாமே!

சாப்பாட்டோடு டீ குடிக்கிற பழக்கமும் அப்படித்தான். டீயில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் தொந்தரவில்லை. மெஸ்ஸில் இட்லிக்குப் பக்கத்திலேயே டீயையும் வைத்திருப்பார்கள், நம் பெண்கள் இட்லியை விட்டுவிட்டு டீயை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்!

லீவு முடிந்து அவளைக் கொண்டுவிடும்போது வார்டனைப் பார்த்தேன். சண்டை போடவில்லை. மெஸ் கமிட்டி என்று மாணவிகளே இருப்பார்கள், மெனுவைப் பேசி முடிவு செய்வது அவர்கள்தான். என் பெண்ணையும் இன்னும் மூன்று பெண்களையும் அதில் கேட்கச் சொன்னேன். கேட்டது இரண்டே இரண்டு. எட்டேகாலுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாதவர்கள் டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போகலாமா? சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டல் போடலாமா? முதலில் "பாக்ஸில் எடுத்துப் போனால் அளவு மீறும்" என்றார்கள். பிறகு நாலு இட்லி என்று கணக்கு வைத்துச் சம்மதித்தார்கள். சுண்டல் இரண்டு நாள் கிடைத்தது. கேட்டால் கிடைக்கிறது, சகோதரிகளே. நாம் கேட்பதைவிடப் பிள்ளைகள் கேட்டால் இன்னும் சீக்கிரம் கிடைக்கிறது.

மூன்றாம் வருஷத்தில் ஆண் பிள்ளைகள் நிறையப் பேர் ஹாஸ்டலை விட்டு வெளியே வீடு பிடித்துவிடுகிறார்கள். அக்கா மகன் அப்படித்தான் போனான். முதல் மூன்று மாசம் மூன்று வேளையும் பரோட்டா, பிரியாணி. காசு தீர்ந்தது, வயிறும் எரிந்தது. ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு போன். "சித்தி, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும்?" எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நெல்லிக்காய் அளவு என்றேன். "பெரிய நெல்லியா, சின்ன நெல்லியா?" என்று கேட்டான் பாருங்கள், இன்ஜினீயர்! ஆனால் அவன் ஒருத்தன் ரசம் வைக்கக் கற்றதால் அந்த வீட்டில் அஞ்சு பையன்கள் சோறு சாப்பிட்டார்கள். வீட்டில் இருக்கும்போதே அக்கா அவனைக் குக்கர் வைக்க விட்டிருந்தாள், தோசை ஊற்ற விட்டிருந்தாள். முன்னே சொன்னேனே, பாதி நம் அடுப்படியிலேயே முடிவாகிறது என்று, அது இதுதான். இளம் தாய்மார்கள், பிள்ளை நாற்காலி போட்டு ஏறி மாவு பிசைய வந்தால் விரட்டாதீர்கள். ஆணாக இருந்தால் கட்டாயம் விரட்டாதீர்கள்.

கடைசி வருஷம் தலைகீழ். வேலைக்கு இன்டர்வியூ வருகிறது, கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடுகிறது. பையன்கள் ஜிம்முக்குப் போகிறார்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறார்கள். பெண்கள் சோற்றையே விட்டுவிடுகிறார்கள். அண்ணன் மகள் ஒரு மாசம் வெள்ளரிக்காயும் காபியுமாக இருந்தாள். "அத்தை, கார்ப்ஸ் எடுக்கிறதில்லை" என்றாள். அது என்ன என்று கேட்டால் நம் இட்லியும் சோறும்தானாம்!

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் உணவு வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. (அந்த நிறுவனம் 1918-ல் முளைவிட்டது நம் குன்னூரில் என்பது ஒரு சின்னப் பெருமை.) அதில் 17 விஷயங்கள் சொல்லியிருக்கிறார்கள். உடம்பைத் தேற்றப் புரோட்டீன் பவுடரைத் தேடாதீர்கள் என்பது அதில் ஒன்று. 60 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, ஒரு டம்ளர் பாலில் ஆறு, 50 கிராம் பொட்டுக்கடலையில் பத்து. மீதியை மெஸ் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அக்கா மகன் அடுத்த டப்பா வாங்காமல் விட்டான். புத்திமதி சொன்னால் கேட்க மாட்டார்கள், கணக்குக் காட்டினால் கேட்பார்கள்.

சின்னவளுக்கு அந்த வருஷம் மாசி மாசத்தில் ஹீமோகுளோபின் 11.6. வெயில் காலம் முடிவதற்குள் 12.3. அரிசி மெல்லுவது தானாக நின்றுவிட்டது. மாத்திரையோடு கூட நான் அனுப்பி வைத்த இரண்டு பண்டங்களை எழுதுகிறேன், நீங்களும் செய்து பாருங்கள்.

வேர்க்கடலை இரண்டு கப், கறுப்பு எள் அரை கப், பொடித்த வெல்லம் ஒன்றரை கப், ஏலக்காய் இரண்டு. கடலையைத் தனியாக வறுத்துத் தோல் நீக்குங்கள். எள்ளைப் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்தால் போதும், தீய்ந்தால் கசக்கும். ஆறியதும் இரண்டையும் கொரகொரப்பாகப் பொடித்து, வெல்லத்தைப் போட்டு இன்னும் ஒரு சுற்று. கடலையில் உள்ள எண்ணெயே போதும், நெய் வேண்டாம். சூடு ஆறும் முன் உருண்டை பிடியுங்கள். ஈரக்கை படாமல் இருந்தால் பதினைந்து நாள் கெடாது. காலையில் மெஸ் கதவு சாத்திவிட்டால் இரண்டு உருண்டை, ஒரு வாழைப்பழம்.

இன்னொன்று முருங்கைக்கீரைப் பொடி. கீரையை ஆய்ந்து, கழுவி, நிழலிலேயே உலர்த்துங்கள். இரண்டு கைப்பிடி உலர்ந்த கீரைக்கு உளுத்தம்பருப்பு கால் கப், கடலைப்பருப்பு கால் கப், எள் இரண்டு ஸ்பூன், மிளகாய் வற்றல் ஆறு, சுண்டைக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, கீரையைக் கடைசியில் வெறும் சட்டியில் ஒரு புரட்டு புரட்டிப் பொடியுங்கள். "பச்சைப் பொடியா, வேண்டாம்" என்று முதலில் முகம் சுளித்தவர்கள், மெஸ் சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்ததும் டப்பாவைத் தேடினார்களாம்.

போகும்போது பிளாஸ்டிக் டப்பாவாகக் கொடுத்தனுப்புங்கள். என் எவர்சில்வர் டப்பாக்களில் ஏழு இன்னும் திரும்பி வரவில்லை.